நெய்தலின் வடகரை: இரங்கலும் விளையாட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மணலி புதுநகரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்து நிற்பது சிறு செய்தி அன்று. ஆலைப்பணி முடித்து வருவோர், பள்ளியில் கற்பிப்போர், துறைமுகத்தில் கணக்கெழுதுவோர், இல்லத்துப் பணிகளுக்கிடையே எழுதும் பெண்டிர் எனப் பலதிறத்தார் மாதந்தோறும் கூடிக் கவிதை படிக்கும் அவை இது. இத்தகைய அவையில் நெய்தல் திணை பற்றிப் பேச வேண்டும் எனப் பணித்தமைக்கு நன்றி கூறுகிறேன். நெய்தல் கடலினும் பெரிது. ஆதலின் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ள ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என வடக்கு நோக்கி நீளும் கரை அது.

கடற்கரை என்றவுடன் சென்னை மாநகரத்தார் உள்ளத்தில் எழுவது மெரினா. அகன்ற மணற்பரப்பு, சுண்டல், குதிரைச் சவாரி, இராட்டினம், காற்றாடி, காதலர், சிலைகள் என ஒரு முழு உலகம் அது. வடகரை என்றவுடன் எழுவனவோ புகைபோக்கி, கருங்கல், கன்டெய்னர் லாரி, மீன்வாடை ஆகியனவே. மகிழ்ச்சி தெற்கே என்றும் துயரம் வடக்கே என்றும் நம்மை அறியாமலே பங்கிட்டு வைத்திருக்கிறோம். இப்பங்கீடு சரியா என்பதே இன்று நான் எழுப்பும் வினா. கடற்கரைக் களிப்பு எதனாற் பிறக்கிறது? மணலாலா, வெயிலாலா, அன்றி மனிதராலா?

குளிர்க்கரையின் ஆரவாரம்

இவ்வினாவிற்கு விடை தேட முதலில் ஒரு குளிர்நாட்டிற்குச் செல்வோம். இங்கிலாந்தின் வடமேற்கில், ஐரிஷ் கடலை நோக்கி அமைந்த ஊர் பிளாக்பூல். கருங்குளம் என்று நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். நடுக்கோடையிலும் அங்குப் பகல் வெப்பம் 20 பாகை செல்சியசைச் சுற்றியே நிற்கும். மழைமேகமும் உப்புக்காற்றும் விட்டகலா. நம்மவர் அங்குச் சென்றால் கம்பளியைப் போர்த்துக்கொண்டே கடலைப் பார்ப்பர். ஆயினும் உலகின் ஆரவாரம் மிக்க கடற்கரைகளுள் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் அங்கே உருவாயிற்று.

உருவாக்கியவர் யார்? லங்காஷயரின் பஞ்சாலைத் தொழிலாளர். 1846இல் இருப்புப்பாதை அவ்வூரை அடைந்தது. ஒவ்வோர் ஆலை நகரமும் ஆண்டில் ஒரு வாரம் தன் ஆலைகளை மூடும். பழங்காலத்தில் ஊர்க் கோயிலுக்கு எடுத்த திருவிழாவே இவ்விடுமுறை வாரமாக மாறியது. நகரத்துக்கு நகரம் வாரம் வேறுபடும். ஆதலின் கோடை முழுதும் ஓர் ஊர் போக மற்றோர் ஊர் வந்து கரையை நிறைத்தது. ஆண்டு முழுதும் வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசை அவ்வொரு வாரத்தில் செலவிட்டுத் திரும்பினர் அம்மக்கள்.

1863இல் கடலுக்குள் நீளும் நடைபாலம் ஒன்று அமைந்தது. அது பெருமக்கள் உலாவுதற்குரியதாக ஒதுங்கிக்கொள்ள, 1868இல் எழுந்த இரண்டாவது பாலம் தொழிலாளர் திறந்தவெளியில் ஆடிப்பாடும் களமாயிற்று. 1893இல் மூன்றாவது பாலம் எழுந்தது. 1894இல் 518 அடி உயரக் கோபுரம் ஒன்று கரையில் நின்றது. 1879இலேயே 8 மின்வில் விளக்குகளைக் கரையோரத்தில் ஏற்றிப் பார்த்தவர்கள், 1912இல் கரை நெடுகிலும் வண்ண மின்விளக்குகளை ஏற்றினர். கோடை முடிந்து குளிர் மிகும் இலையுதிர் காலத்திலும் மக்களை அங்கே நிறுத்தி வைத்தது அவ்வொளியே. வெயில் தர மறுத்ததை விளக்கு தந்தது எனலாம்.

அக்கரையின் விசித்திரங்களையும் ஈண்டுச் சொல்லவேண்டும். கைரேகை பார்ப்போர், மண்டையோட்டைத் தடவிக் குணம் கூறுவோர், சகல நோய்க்கும் ஒரே மருந்து விற்போர், பொம்மலாட்டக்காரர், சிப்பி விற்போர், கழுதைச் சவாரிக்காரர் எனக் கரை நிரம்பி வழிந்தது. 1897இல் நகராட்சி இவர்களை மணலினின்று அகற்ற முற்பட்டது. எதிர்ப்பு எழவே ஒரு சாராரை மீண்டும் அனுமதித்தது. இடம் மறுக்கப்பட்டோர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. சாலைக்கு மறுபுறத்து வீடுகளின் முன்றில்களை வாடகைக்குப் பிடித்து அங்கே கடை விரித்தனர். 'பொன் மைல்' என்று புகழ்பெற்ற கேளிக்கை வீதி அவ்வாறு பிறந்தது. 1932இல் பதவி பறிக்கப்பட்ட பாதிரியார் ஒருவர் அவ்வீதியில் மரப்பீப்பாய்க்குள் அமர்ந்து தம் பக்க நியாயத்தை உலகறியச் செய்ய முனைந்தார். காசு கொடுத்து அவரைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றனர்!

அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரத்துக் கடற்கரைப் பலகைப்பாதையும் நினைக்கத் தக்கது. 1870இல் அதனைப் போட்டதற்குக் காரணம், விடுதிகளுக்குள்ளும் இரயில்பெட்டிகளுக்குள்ளும் மணல் வந்துவிடக் கூடாது என்பதே. உலகெங்கும் பின்பற்றப்பட்ட ஒரு கடற்கரை நாகரிகம் மணலில் கால் படாமல் நடப்பதற்கெனத் தோன்றியிருக்கிறது. ஆகவே வெயிலும் மணலும் இன்றியமையாதன அல்ல என்பது தெளிவு. வேலை, வேலைக்கு நடுவே ஓய்வு, ஓய்வைக் கழிக்கச் சிறு காசு, அக்காசுக்கு ஏற்ற கடை, இருட்டியபின் ஒரு விளக்கு. இவை கூடும் கரையில் களிப்பு கூடுகிறது.

புகாரின் விளக்குகள்

விளக்கு என்றதும் தமிழ் பயின்றோர்க்குச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை நினைவுக்கு வரும். இந்திரவிழா முடிந்து கோவலனும் மாதவியும் கடற்கரைக்குச் செல்கின்றனர். வைகறை இருள் நீங்கவில்லை. இளங்கோவடிகள் அக்கரையில் எரியும் விளக்குகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டுகிறார். சந்தனமும் பூவும் தின்பண்டமும் விற்போர் விளக்கு. நுண்தொழிற் கம்மியர் விளக்கு. பிட்டு விற்போர், அப்பம் விற்போர் விளக்கு. விலைகூறி விற்கும் பெண்டிர் விளக்கு. இடையிடையே மீன் விற்கும் பரதவர் விளக்கு. கலம் அழைக்கும் கலங்கரை விளக்கு. வலைவீசச் சென்ற படகுகளின் விளக்கு. வேற்றுமொழி பேசும் நாட்டினர் ஏற்றிய விளக்கு. பண்டசாலைக் காவலர் விளக்கு. நுண்மணலில் சிந்திய வெண்சிறுகடுகும் கண்ணுக்குத் தெரியும் அத்துணை வெளிச்சம் என்கிறார் அடிகள்.

இப்பட்டியலை மாணவியர்க்குப் பாடம் நடத்தும்போது நான் ஒன்றை வலியுறுத்துவது வழக்கம். இவற்றுள் அலங்காரத்திற்கென ஏற்றிய விளக்கு ஒன்றுமில்லை. அத்தனையும் தொழில் விளக்குகள். அவை எல்லாம் சேர்ந்தபோது மாபெரும் அலங்காரமாயிற்று. கானல்வரி என்னும் இசைக்கோவை பிறப்பதற்கு முன் அப்பம் சுடுவோனும் காவற்காரனும் ஏற்றிய விளக்குகள் எரிந்திருக்கின்றன.

பட்டினப்பாலை இன்னும் நெருங்கிக் காட்டுகிறது. முழுநிலா நாளில் பரதவர் கடல்மேற் செல்வதில்லை. சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகின்றனர். தாழைமலர் சூடிப் பனங்கள் பருகுகின்றனர். பெண்டிரோடு கூடிக் கடலாடி, உப்புப்போக ஆற்றில் நீராடி, நண்டுகளை ஓட்டி, மணலிற் பாவை செய்து விளையாடுகின்றனர். மன்றத்திற் கூடிய மறவர் இருசாராராகப் பிரிந்து கைகலந்து மோதுகின்றனர். ஆட்டுக்கிடாய்ச் சண்டையும் பறவைச் சண்டையும் அவ்வூரில் உண்டு. உருத்திரங்கண்ணனார் காட்டும் இவ்வூர் மெரினாவைவிடக் காசிமேட்டையே எனக்கு நினைவூட்டுகிறது. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

புகாருக்கும் நம் கரைக்கும் மரபு ஒரு பாலத்தையே கட்டி வைத்திருக்கிறது. அப்பாலத்தின் பெயர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்வணிகர் குடியில் தோன்றி, அனைத்தையும் துறந்து, இறுதியில் திருவொற்றியூர்க் கடற்கரை வந்தடைந்தார் என்பது வரலாற்று வழக்கு. அவருடைய இறுதி பற்றிய கதை நீங்கள் அறிந்ததே. கரையில் விளையாடும் சிறுவரோடு அவரும் சேர்ந்துகொள்கிறார். தம்மை மூடச் சொல்லுகிறார். மூடிய இடத்தில் இராது வேறோரிடத்தில் தோன்றிச் சிறுவரைச் சிரிக்க வைக்கிறார். மீண்டும் மூடச் சொல்லுகிறார். கடைசி முறை திறந்து பார்த்தபோது அங்கே இலிங்கம் இருந்தது. காதற்ற ஊசியைக் கண்டு துறவு பூண்டவர் என்று நாம் கண்ணீரோடு நினைக்கும் அப்பெருமானுக்கு, இவ்வூர் மக்கள் அளித்த முடிவு ஒரு கண்ணாமூச்சி. நிலையாமையைப் பாடியவரின் கடைசி விளையாட்டுக்களமாக வடகரையை மக்கள் கற்பனை தேர்ந்துகொண்டது சிந்திக்கத் தக்கது.

மணல் இடம் மாறிய கதை

"அம்மா, நற்றிணையிலும் குறுந்தொகையிலும் எங்குப் பார்த்தாலும் மணல் வருகிறது. எங்கள் கரையில் மணலே இல்லையே, நாங்கள் நெய்தல்தானா?" என்று காசிமேட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி வகுப்பில் வினவினாள். அவள் வினாவிற்கு உரையாசிரியர் எவரிடமும் விடையில்லை. விடை சென்னைத் துறைமுகத்தில் உள்ளது.

நம் கிழக்குக் கரையில் அலையோடு மணலும் பயணம் செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டுக் கணக்கு முடித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே மிகுதி. 1870களின் நடுவில் தொடங்கி, 1881இன் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட துறைமுகத்தின் சுவர்கள் இம்மணலை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் அமைத்து மெரினா எனப் பெயரிட்ட உலாச்சாலைக்கு முன்னே கரை ஆண்டுக்காண்டு அகன்றது. வடக்கேயோ வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் தன் பசிக்குக் கரையைத் தின்றது. இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை தெருக்கள் போயின, வீடுகள் போயின. எஞ்சியதைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினர். பிற்காலத்தில் கடலுக்குள் நீளும் கல்வரிசைகளையும் அமைத்தனர்.

ஆகவே மெரினாவின் மணலில் ஒரு பகுதி நமக்கு வந்திருக்க வேண்டிய மணல். இதனை நான் பொறாமையாற் சொல்லவில்லை. தெற்கின் அழகும் வடக்கின் வறுமையும் ஒரே சுவரின் இரு பக்கங்கள் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

எண்ணூருக்கும் வேறொரு காலம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை வெள்ளையர் ஓய்வுக்கென நாடிய இடம் அது. கால்வாய் வழியே படகேறி வந்து கழிமுகத்தில் தோணி ஓட்டி மகிழ்ந்தனர். அக்கழிமுகத்தைச் சுற்றி 20ஆம் நூற்றாண்டில் அனல்மின் நிலையங்களும், பின்னர் அப்பால் துறைமுகங்களும் எழுந்தன. 2017 சனவரியில் எண்ணூருக்கருகே இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை மீனவரும் தன்னார்வலரும் வாளிகளால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் கழிமுகமெங்கும் படிந்தது. இவற்றை இவ்வட்டத்துக் கவிஞர் பலர் பாடியிருக்கிறீர்கள். நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கல்லின்மேல் ஒரு மாலை

இத்துணையும் நிகழ்ந்தபின் அக்கரையில் களிப்பு செத்திருக்க வேண்டும் அல்லவா? சாகவில்லை என்பதே வியப்பு.

காசிமேட்டில் ஒரு கடற்கரைக்கு 'என்-4 பீச்' என்று பெயர். மீன்பிடித் துறைமுகக் காவல் நிலையத்தின் எண்ணே கரைக்கும் பெயராயிற்று. ஆளுநர் இத்தாலியச் சொல்லால் பெயரிட்டது ஒரு கரை. மக்கள் காவல் நிலைய எண்ணால் பெயரிட்டுக்கொண்டது மற்றொன்று. இப்பெயரிலுள்ள குறும்பை எந்தக் கவிதையும் இன்னும் முழுமையாக எடுத்தாளவில்லை என்று நினைக்கிறேன். அங்கே இளைஞர் பாறைமேல் அமர்ந்து பேசுகின்றனர், படம் பிடிக்கின்றனர், பாடுகின்றனர்.

விடியுமுன் மீன் ஏலம். விசைப்படகிலிருந்து இறங்கும் வஞ்சிரமும் சங்கராவும் கடம்பாவும் கூடைகூடையாகக் குவிய, ஏலக்காரர் குரல் ஒரு தனிச் சந்தத்தில் எழுகிறது. கூறு போட்டு விற்பதில் பெண்களின் ஆட்சி. அவர்தம் வாய்ச்சாலத்திற்கு ஈடு இல்லை. ஞாயிறன்று நகரின் பல பகுதியினரும் அங்கே கூடுகின்றனர். மீன் வாங்க வருவோரும் உண்டு. அக்கூட்டத்தையும் பேச்சையும் பார்க்கவே வருவோரும் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் 1960களில் கொண்டுவந்த அத்தோ, பாரிமுனைக் கடற்கரைச் சாலையை ஒட்டி மாலை வண்டிகளில் விற்கிறது. வேற்றுமொழி நாட்டினர் விளக்கு என்று இளங்கோ கண்டது இவ்வகையினதே. போய்த் திரும்பியவர் ஏற்றிய விளக்கு என்று வேண்டுமாயின் திருத்திக்கொள்ளலாம்.

மாசி மகத்தன்று கோயில்களின் உற்சவத் திருமேனிகள் கடலாட வருகின்றன. படகோட்டிகள் வாழ்ந்த இராயபுரத்தின் பெயரே இராயப்பர் எனப்படும் பேதுருவைச் சுட்டுவது. அவர் பெயரால் அங்கே தேவாலயமும் நிற்கிறது. காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாக மக்கள் சோறு கட்டிக்கொண்டு கரைக்கு வருகின்றனர். மணல் இல்லாவிடில் என்ன? கல்லின்மேல் விரிப்பை விரிக்கின்றனர்.

பட்டினப்பாலையோடு ஒப்பிட்டேன் அல்லவா? முழுநிலா நாளின் ஓய்விற்கு ஈடாக இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உள்ளது. விசைப்படகுகள் கரையில் நிற்கும். வருவாய் முடக்கம் ஒருபுறம். வலை பழுது பார்க்கும் கைகளுக்கு மாலை நேரம் வாய்ப்பது மறுபுறம். மன்றத்தில் கைகலந்து மோதிய மறவர்க்கு ஈடாகச் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சூடிய குத்துச்சண்டை மரபுகள் வடசென்னையில் தழைத்தன. பறவைச் சண்டைக்கு ஈடாக மாடிதோறும் புறாப் பந்தயம். ஊர் கடந்து கொண்டுபோய் விட்ட புறா எத்தனை நாழிகையில் தன் கூண்டுக்குத் திரும்புகிறது என்று வானத்தைப் பார்த்து நிற்கும் மனிதரை நம் தெருக்களிற் காணலாம். லங்காஷயரின் ஆலைத் தொழிலாளரும் இதே புறாப் பித்துக் கொண்டவர்கள் என்பது சுவையான ஒற்றுமை. அவர் நெய்த துணி இங்கு வந்து இறங்கியதால் நம் நெசவும், அதனைச் சார்ந்து வண்ணாரப்பேட்டைக்குப் பெயர் தந்த வெளுப்புத் தொழிலும் நசிந்தன. வரலாறு நம்மை எதிரெதிரே நிறுத்தியது. ஓய்வு நாளோ இரு கூட்டத்தாரையும் ஒரே வகையாக வானம் பார்க்க வைத்தது.

கேரம் பலகையையும் சொல்லாமற் போனால் வடசென்னை மன்னிக்காது. தெருமுனை விளக்கின் கீழ் மாவு தூவி ஆடும் அவ்வாட்டத்தில் வளர்ந்த காசிமா என்னும் இளம்பெண் 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். அவர் தந்தை ஓர் ஆட்டோ ஓட்டுநர். பெண்கள் அப்பலகைக்கருகே இடம் பிடித்த கதையாகவே இதனை நான் காண்கிறேன். ஏனெனில் ஒன்றை ஒளிக்காது சொல்லவேண்டும். ஏலத்தில் அரசாளும் பெண்களை மாலைப் பாறைகளின்மேல் அதிகம் காணமுடிவதில்லை. புகார்ப் பெண்டிர் கடலாடினர். நம் பெண்டிர்க்கு இருட்டிய பின் அக்கரை எட்டுவதில்லை. இக்குறையையும் சேர்த்தே நாம் எழுதவேண்டும்.

இரங்கல் பிறக்கும் இடம்

இனி நான் சொல்லவந்த கருத்திற்கு வருகிறேன். நெய்தலுக்குரிய பொருள் இரங்கல் என்கிறது இலக்கணம். அதனைச் சான்றாகக் கொண்டு, கடற்கரையைப் பாடினால் அழவேண்டும் என்று நாம் எண்ணிவிட்டோம். வடகரை பற்றி வெளிவரும் கவிதைகளைத் தொகுத்து நோக்குமிடத்துப் புகை, துரு, எண்ணெய், செத்த மீன், சாம்பல் ஆகிய ஐந்தாறு சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவை பொய் அல்ல. ஆனால் சங்கப் புலவர் இரங்கலை எவ்வாறு அமைத்தனர் என்று ஊன்றிப் பார்க்கவேண்டும்.

நெய்தல் தலைவி வெறுங்கடலைப் பார்த்து அழுவதில்லை. தான் விளையாடிய இடத்தைச் சுட்டி அழுகிறாள். தோழியரோடு சிறுவீடு கட்டிய மணல், அலவன் ஆட்டிய துறை, நிழல் தந்த புன்னை ஆகியவற்றைப் பெயர் சொல்லி நினைக்கிறாள். நற்றிணையில் ஒரு தலைவி, தான் சிறுமியாய் மணலிற் புதைத்து முளைத்த புன்னையைத் தன் உடன்பிறந்தாள் என்றே கருதி, அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகிறாள். விளையாட்டு முன்னே வந்தது. இரங்கல் அதன் நிழலாகப் பின்னே வந்தது. விளையாடாத கரைக்காக எவரும் இரங்கியதில்லை. கானல்வரியும் விளையாட்டுப் பாடலாகத் தொடங்கிப் பிரிவில் முடிந்ததன்றோ?

நம் வடசென்னை மக்கள் இவ்விலக்கணத்தைக் கல்லாமலே அறிந்திருக்கின்றனர். கானாப் பாடலைக் கேளுங்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவில் இறந்தவரின் வீரமும் கேலியும் குடியும் கடனும் காதலும் கலந்து வருகின்றன. அழுதுகொண்டிருப்போர் இடையில் சிரித்துவிடுகின்றனர். இரங்கலும் விளையாட்டும் ஒரே தாளத்தில் இயங்கும் அக்கலை நெய்தலின் நேர்வாரிசு என்று நான் வரலாறு கட்டமாட்டேன். நெய்தலின் உள்ளம் அதில் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

இது கவிதை நயம் பற்றிய செய்தி மட்டும் அன்று. செத்த கரை, பாழ்நிலம், நஞ்சுக் கழிமுகம் என்றே நாம் பாடிக்கொண்டிருந்தால், கேட்போர் என்ன முடிவுக்கு வருவர்? பாழாய்ப் போன இடத்தில் இன்னும் ஒரு சரக்குத்தளம் வந்தால் யாருக்கு என்ன இழப்பு என்றே எண்ணுவர். அழிவைக் கண்டித்து எழுதிய கவிதையே அழிவுக்கு வழிவிடும் சான்றிதழ் ஆகிவிடக் கூடும். அங்கே மனிதர் மாலையில் அமர்கிறார், சிரிக்கிறார், புறா விடுகிறார், பிள்ளைக்கு நண்டு காட்டுகிறார் என்ற பதிவு இருந்தால், கரை வெற்றிடம் அன்று என்பதற்கு அதுவே சான்று. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் படமாக்கப்பட்ட 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வசைச்சொல்லாகத் தேய்ந்த 'புறம்போக்கு' என்பதனை எல்லார்க்கும் உரிய பொதுவிடம் என்று மீட்டெடுத்தது. ஒரு சொல்லை மீட்பது ஒரு நிலத்தை மீட்பதன் முதற்படி.

பிளாக்பூலின் 1897ஆம் ஆண்டு நிகழ்ச்சியை மீண்டும் நினையுங்கள். கரையைத் தூய்மைப்படுத்த விழைவோர் முதலில் அகற்றுவது அக்கரைக்கு உயிர் தரும் எளியோரையே. நம் மெரினாவிலும் 1985இல் கட்டுமரங்களை அகற்ற முயன்றது துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 2023 ஏப்ரலில் இணைப்புச் சாலை மீன்கடைகளை அகற்றும் முயற்சியை எதிர்த்து மீனவர் போராடினர். நாளை நம் வடகரையையும் அழகுபடுத்தலாம், படுத்தட்டும். நடைபாதையும் இருக்கையும் விளக்கும் வரட்டும், பெண்களும் அச்சமின்றி அமரட்டும். அன்று மீன்கூடையையும் வலைக்குவியலையும் அழகுக்கு இடையூறு என எவரேனும் சொன்னால், இளங்கோவடிகளின் விளக்குப் பட்டியலை எடுத்துக்காட்ட நம்மிடம் ஆட்கள் இருக்கவேண்டும். மீன் விற்போர் விளக்கை அணைத்துவிட்டுக் கானல்வரி பாட இயலாது.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்தின்முன் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன்.

முதலாவது, சொற்றொகுப்பு. ஏலக்காரர் வாய்மொழி, படகின் உறுப்புகள், காற்றின் பெயர்கள், புறாவின் இனப்பெயர்கள், குத்துச்சண்டைப் பரம்பரைகளின் அடவுச் சொற்கள், கரையின் ஒவ்வொரு துண்டுக்கும் மக்கள் இட்ட பெயர்கள் ஆகியவற்றை அவரவர் தெருவில் கேட்டுக் குறித்து வாருங்கள். பழந்தமிழ் நெய்தலில் திமில், அம்பி, பஃறி என்று படகுக்கே எத்தனை சொற்கள்! அவற்றைப் படைத்தவர் புலவர் அல்லர். பரதவரிடமிருந்து புலவர் பெற்றுக்கொண்டனர். அக்கொடை இன்றும் காசிமேட்டில் நிகழ்கிறது. பெற்றுக்கொள்ளக் கை நீட்டுவோரைத்தான் காணோம்.

இரண்டாவது, மாதக் கூட்டங்களுள் ஆண்டுக்கு ஒன்றையேனும் முழுநிலா நாளில் கடற்கரையில் நடத்துவோம். நம் கரையில் கதிரவன் மறைவது மணலியின் புகைபோக்கிகளுக்குப் பின்னால். அதே வேளையில் கடலிலிருந்து நிலவு எழுகிறது. இவ்விரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் பேறு பெற்ற கவிஞர் கூட்டம் நாம். அக்கூட்டத்திற்கு மீன் விற்கும் அம்மையாரையும் கானாப் பாடகரையும் புறா வளர்ப்பவரையும் அழைப்போம். வாசிப்பதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டுவோம். பெண் உறுப்பினர் தத்தம் மகளிரையும் அழைத்து வரட்டும். மாலைப் பாறையில் பெண்கள் அமரும் வழக்கம் யாரேனும் தொடங்கினால்தான் தொடங்கும்.

குளிர்க்கரையை விளக்கால் வெப்பமாக்கினர் லங்காஷயர் தொழிலாளர். மணலற்ற கரையைக் கல்லின்மேல் விரிப்பு விரித்துத் தமதாக்கிக்கொண்டனர் நம் மக்கள். அதனை எழுத்தாக்கும் கடமை எஞ்சி நிற்கிறது. இரங்குங்கள், ஆனால் எந்தக் கல்லில் அமர்ந்து, யாரோடு சிரித்த இடத்திற்காக இரங்குகிறீர்கள் என்பதையும் பெயர் சொல்லிப் பாடுங்கள். அம்மாணவி வினவிய வினாவிற்கு அப்போது விடை கிடைக்கும்: ஆம், நீயும் நெய்தல்தான்.

 வட்டம் வளர்க!